ரெண்டு நிமிஷம்: ஒரு ஆடி மாதத்து நாட்குறிப்பு

ஜூலை 18, 2024, வியாழன்

ஆடி பிறந்தாச்சு. இனி ஒரு மாதத்துக்குக் கல்யாணம் கிடையாது. வைகாசியிலும் ஆனியிலும் எடுத்த 11 கல்யாணங்கள் ஹார்டு டிஸ்கில் அப்படியே கிடக்கின்றன. பகலெல்லாம் அவற்றை வெட்டி ஒட்டுவது, ராத்திரி ஒரு படம் பார்ப்பது. எடிட்டிங் வேலையில் இருப்பவனுக்கு வருஷத்தில் இந்த ஒரு மாதம்தான் மூச்சு விட நேரம்.

நேற்று பார்த்தது ஒரு ஜப்பானியப் படம். ஆங்கிலத்தில் ‘பியாண்ட் தி இன்ஃபினிட் டூ மினிட்ஸ்’ என்று பெயர். 2020-ல் வந்தது. மொத்தமே 70 நிமிஷம். இயக்குநர் ஜுன்டா யாமகுச்சிக்கு இது முதல் முழுநீளப் படம், எழுதியவர் மகோட்டோ உவேதா. காலப் பயணக் கதைதான், ஆனால் கால இயந்திரம் என்று பளபளவென்று எதுவும் கிடையாது. மாடி அறையில் ஒரு கம்ப்யூட்டர் மானிட்டர், கீழே காபிக் கடையில் ஒரு டிவி. அவ்வளவுதான்.

கியோத்தோ நகரத்தில் சின்னதாக ஒரு காபிக் கடை. அதை நடத்தும் கடோ கடையைச் சாத்திவிட்டு மாடிக்கு வருகிறான். கிதார் வாசிக்கிற பிக்கைத் தேடுகிறான். அப்போது மானிட்டரில் அவன் முகமே தெரிகிறது. கீழே கடையில் நின்றுகொண்டு, “நான்தான் நீ, ரெண்டு நிமிஷம் கழிச்சு இருக்கிற நீ” என்கிற மாதிரி பேசுகிறது. பிக் எங்கே கிடக்கிறது என்றும் சொல்கிறது. இவன் குழம்பிப்போய்க் கீழே ஓடுகிறான். கடை டிவியில் பார்த்தால் ரெண்டு நிமிஷம் முந்தைய கடோ மாடியில் நின்று முழிக்கிறான். சற்று முன் தான் கேட்ட அதே வார்த்தைகளை இப்போது இவன் அவனுக்குச் சொல்ல வேண்டும். சொல்கிறான்.

இந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஒரே உரையாடலை இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு ஆளே பேசுகிறான், நடுவில் ரெண்டு நிமிஷம் இடைவெளி. இதை எப்படி எடுத்தார்கள்? படம் முடிகிற வரைக்கும் மனசு அதிலேயே நின்றது.

ஜூலை 19, வெள்ளி

ஆடி வெள்ளி. தெரு முனை மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள், காலை 5 மணிக்கே குழாய் ஸ்பீக்கர் ஆரம்பித்துவிட்டது. அம்மா ஒரு தூக்குவாளி நிறைய வாங்கி வந்தாள்.

ராத்திரி மறுபடி அதே படம். இந்தத் தடவை கதைக்காக இல்லை, கட் எங்கே இருக்கிறது என்று பார்க்க. படம் முழுக்க ஒரே ஷாட் மாதிரி ஓடுகிறது. மாடி, படிக்கட்டு, கடை, பக்கத்துக் கடை, திரும்பவும் படிக்கட்டு. உண்மையில் பல ஷாட்களை ஒட்டியதுதான். ஆனால் 12 வருஷமாக இதே வேலை பார்க்கிற எனக்கே பல இடங்களில் தையல் தெரியவில்லை. முழுக்கச் செல்போனிலேயே எடுத்திருக்கிறார்கள். கடைசியில் பெயர்கள் ஓடும்போது படம் எடுத்த விதத்தையும் கொஞ்சம் காட்டுகிறார்கள். அந்தப் பகுதியை மட்டும் நாலு தடவை பார்த்தேன்.

இவர்கள் சினிமாக் கம்பெனி இல்லை, நாடகக்காரர்கள். 1998-ல் கியோத்தோவில் தோஷிஷா பல்கலைக்கழக மாணவர்கள் சேர்ந்து ஆரம்பித்த யோரோப்பா கிகாக்கு என்ற குழு. உவேதாதான் அவர்களுக்கு நாடகம் எழுதுகிறவர், கடோவாக வரும் கஸுனாரி தோசா அந்தக் குழுவின் நடிகர். இதைத் தெரிந்துகொண்டதும் பாதி முடிச்சு அவிழ்ந்துவிட்டது. மேடையில் வளர்ந்தவர்களுக்கு நேரம் உடம்பிலேயே இருக்கும். எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் ராத்திரி முழுக்க வள்ளி திருமணம் போடுவார்களே, பார்த்திருப்பீர்கள். முதல் நாள்வரை ஒருவரையொருவர் பார்த்தே இராத நடிகர்கள், ஆர்மோனியக் கட்டையில் விரல் விழுகிற அதே நொடியில் அடியெடுத்து வைப்பார்கள். அந்த நேரக்கணக்கைக் கேமராவுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தால் இந்தப் படம்.

இன்னொரு விஷயம். படத்தைத் தயாரிப்பதில் டோக்கியோவில் ஷிமோகிடசாவா என்ற பகுதியில் உள்ள ஒரு சின்னத் திரையரங்கும் பங்கெடுத்திருக்கிறது. அதன் பெயர் டோலிவுட்! ஹைதராபாத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒரு தியேட்டரே முன்வந்து படம் எடுக்க உதவுகிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

ஜூலை 21, ஞாயிறு

அக்கா பையன் வந்திருக்கிறான். ஏழாம் வகுப்பு. அவனுக்கும் படத்தைப் போட்டுக் காட்டினேன். சப்டைட்டிலை நான் வாசித்துச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே பார்த்தான். முடிந்ததும், “மாமா, நம்ம வீட்லயும் இத எடுக்கலாமா?” என்றான். நான் கேட்க நினைத்ததை அவன் கேட்டுவிட்டான்.

சரி என்று இறங்கினோம். என் அறையில் இருக்கும் லேப்டாப்தான் மானிட்டர். அடுப்படி அலமாரியில் சாய்த்து வைத்த பழைய செல்போன்தான் டிவி. கதை இதுதான்: அறையில் அவன் சைக்கிள் சாவியைத் தேடுகிறான், அடுப்படியில் நிற்கும் ரெண்டு நிமிஷம் கழித்து இருக்கும் அவன், “உன் இடது பாக்கெட்லதான்டா இருக்கு” என்கிறான். எடிட்டிங்கில் நகர்த்திச் சரிசெய்யக் கூடாது, திரையில் ஓடவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று எங்களுக்குள் விதி வைத்துக்கொண்டோம்.

உட்கார்ந்து யோசித்தபோதுதான் இதன் கஷ்டம் புரிந்தது. அறைக் காட்சியை எடுக்க வேண்டுமானால் லேப்டாப்பில் ஓட அடுப்படிக் காட்சி வேண்டும். அடுப்படிக் காட்சியை எடுக்க வேண்டுமானால் செல்போனில் ஓட அறைக் காட்சி வேண்டும். எதை முதலில் எடுப்பது? ஏதாவது ஒன்றை, எதிரில் ஆளே இல்லாமல், வெறும் கடிகாரத்தைப் பார்த்துப் பேசி எடுத்தே ஆக வேண்டும். ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம்.

0:12 ஏய், இங்க பாரு.
0:15 (அவன் திரும்புவான், பேசாதே)
0:21 நான்தான் நீ.
0:24 (அவன்: எந்த நீ?)

இப்படியே 1:40 வரைக்கும். ஆளில்லாத சுவரைப் பார்த்து, இன்னும் கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்வது 12 வயதுப் பையனுக்கு லேசான காரியமில்லை. நான் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு விரலால் எண்ணினேன். ஒரு விநாடிக்கு 25 ஃப்ரேம். பத்து ஃப்ரேம் முந்தினால்கூட, கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழுகிறது. அப்போது அது பதில் மாதிரியே இல்லை, மனப்பாடம் மாதிரி இருக்கிறது.

ஆறாவது தடவை அடுப்படிக் காட்சி சரியாக வந்தது. கேட்டுப் பார்த்தால் பின்னணியில் கோயில் ஸ்பீக்கரில் பாட்டு. மறுபடி எடுக்கும்போது அதே நொடியில் அதே பாட்டு ஓடுமா? அழித்துவிட்டு மூடி வைத்தோம்.

ஜூலை 22, திங்கள்

படத்தில் ஒரு இடம் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

பக்கத்துக் கடைப் பெண் மெகுமி மேல் கடோவுக்குப் பிரியம். தன் கச்சேரிக்கு அவளைக் கூப்பிட வேண்டும், ஆனால் தைரியமில்லை. ரெண்டு நிமிஷம் தள்ளி இருக்கும் கடோ, அவள் சம்மதித்துவிட்டதாகச் சந்தோஷமாகச் சொல்வதைத் திரையில் பார்க்கிறான். அந்தத் தெம்பில் போய்க் கேட்கிறான். அவள் மறுத்துவிடுகிறாள். முகம் வாடித் திரும்பி வருகிறான். அதற்குள் டிவி முன்னால் நின்று பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. தான் பார்த்த கடோ சிரித்தானே, அதனால் இவனும் சிரித்துத்தான் ஆக வேண்டும். பழைய தன்னிடம் பொய் சொல்கிறான்.

எதிர்காலத்தைத் தெரிந்துகொள்ளவே கடோவுக்கு ஆசையில்லை. நண்பர்கள்தான் ஆலாய்ப் பறக்கிறார்கள். மானிட்டரைக் கீழே இறக்கி டிவிக்கு எதிரே வைத்து, திரைக்குள் திரை, அதற்குள் இன்னொரு திரை என்று நாலு நிமிஷம், ஆறு நிமிஷம் என எட்டிப் பார்க்கிறார்கள். ஜப்பானியத் தலைப்பில் வரும் ‘துரோஸ்தே’ என்ற சொல் இதைத்தான் குறிக்கிறது. 1904-ல் வந்த ஒரு டச்சு கோகோ டப்பாவில் ஒரு செவிலி தட்டில் அதே டப்பாவை ஏந்தி நிற்பாள், அந்த டப்பாவிலும் அவளே. நம் ஊர் சலூனில் எதிரெதிர் கண்ணாடிக்கு நடுவே உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். எட்டிப் பார்க்கப் பார்க்க இவர்கள் செய்ய வேண்டிய வேலையும் ஏறுகிறது. பார்த்ததையெல்லாம் நடத்திக் காட்ட வேண்டும். முன்கூட்டியே தெரிந்துகொண்டவர்களுக்குச் சொந்தமாக ஒரு நிமிஷம்கூட மிஞ்சுவதில்லை.

இன்று வேலையில் உட்கார்ந்தபோது இது இன்னும் உறைத்தது. ஆனி மாதக் கல்யாணம் ஒன்று. மணப்பெண்ணின் பாட்டி நெற்றியில் திருநீறு பூசி, கண் கலங்கி, பேத்தியின் கன்னத்தைத் தடவுகிறார். அந்த நேரம் யாரோ குறுக்கே வந்துவிட, “பாட்டி, இன்னொரு தடவை பூசுங்க” என்று என் குரல் கேட்கிறது. பாட்டி மறுபடி பூசுகிறார். மறுபடி கன்னத்தைத் தடவுகிறார். ஆனால் கண் பேத்தியின் மேல் இல்லை, கேமரா பக்கம் பார்த்து, “சரியா இருக்காப்பா?” என்று கேட்கிறார். ரெண்டு கிளிப்பையும் டைம்லைனில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் கிளிப்பில் யாரோ ஒருவரின் தோள் பாதித் திரையை மறைக்கிறது.

தோள் மறைத்ததையே வைத்துக்கொண்டேன்.

ஜூலை 25, வியாழன்

உவேதாவைப் பற்றித் தேடிப் படித்தேன். இவருக்குக் காலப் பயணம் புதிதில்லை. 2001-லேயே ‘சம்மர் டைம் மெஷின் ப்ளூஸ்’ என்று ஒரு நாடகம் எழுதியிருக்கிறார், 2005-ல் அது படமாகவும் வந்தது. கொளுத்தும் வெயிலில் கல்லூரிப் பையன்களுக்குக் கால இயந்திரம் கிடைக்கிறது. அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்றால், உடைந்துபோன ஏசி ரிமோட்டை உடைவதற்கு முந்தைய நாளுக்குப் போய் எடுத்து வருகிறார்கள். ராஜாவைப் பார்க்கவோ போரை நிறுத்தவோ போகவில்லை. இந்த அளவு எனக்குப் பிடித்திருக்கிறது. நம் ‘இன்று நேற்று நாளை’ 2015-ல் வந்தபோதும் இதே காரணத்துக்காகத்தான் ரசித்தேன். கையில் கால இயந்திரமே கிடைத்தாலும் நம் பையன்கள் முதலில் அதில் பிழைப்புக்கு வழி தேடுவார்கள், அதுதான் நிஜம்.

யாமகுச்சியும் உவேதாவும் 2023-ல் ‘ரிவர்’ என்று இன்னொன்றும் எடுத்திருக்கிறார்கள். கியோத்தோவுக்குப் பக்கத்தில் கிபுனே என்ற மலையூர், அங்கே ஒரு விடுதி. அதிலும் ரெண்டு நிமிஷம்தான், ஆனால் இதில் அந்த ரெண்டு நிமிஷமே திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு சுற்றில் பனி கொட்டிக் கிடக்கும், அடுத்த சுற்றில் இருக்காது. ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்கிற கண்டினியூட்டிக்கு வானம் கட்டுப்படுமா? அதையும் கதைக்குள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஜூலை 28, ஞாயிறு

அக்கா பையன் மறுபடி வந்தான். ஸ்பீக்கர் ஓய்ந்த நேரம் பார்த்து, ராத்திரி ஒன்பதரைக்கு ஆரம்பித்தோம். அடுப்படிக் காட்சி இரண்டாவது தடவையே பிரமாதமாக வந்தது. ஆனால் சரியாக 0:52-ல் குக்கர் விசில் அடித்துவிட்டது. அழிக்க மனசில்லை, அவன் அவ்வளவு நன்றாகப் பேசியிருந்தான்.

அடுத்து அதை லேப்டாப்பில் ஓடவிட்டு அறைக் காட்சி. அதுவும் முடிந்தது. கடைசியாக, அறைக் காட்சியைச் செல்போனில் ஓடவிட்டு அடுப்படிக் காட்சியை மறுபடி எடுக்க வேண்டும். அப்போது 0:52-ல் விசில் வந்தாக வேண்டும். வராவிட்டால் பார்க்கிறவர்களுக்கு ரெண்டும் ஒரே நேரம் இல்லை என்று தெரிந்துவிடும்.

“அம்மாச்சி, கரெக்டா விசில் வர வைக்க முடியுமா?” என்று கேட்டான். அம்மா யோசிக்கவே இல்லை. சுண்டல் போட்டுக் குக்கரை ஏற்றினாள். முதல் விசில் போனது. கையில் கரண்டியோடு நின்று மூடிப் பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே அந்த ‘ஸ்ஸ்’ சத்தம் மாறியது போல, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. “ம், இப்ப ஆரம்பிங்க” என்றாள்.

முதல் தடவை 0:44. அடுத்தது 0:58. அம்மா அடுப்பைக் கொஞ்சம் கூட்டினாள். மூன்றாவது தடவை, என் கையிலிருந்த ஸ்டாப்வாட்ச் 52-ஐத் தொடும்போது விசில் அடித்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பையன் அசையாமல் பேசிக்கொண்டே போனான். “இடது பாக்கெட்லதான்டா இருக்கு!” என்று சொல்லிச் சிரித்தான்.

ரெண்டையும் சேர்த்துப் போட்டுக் காட்டினேன். அம்மா சுண்டலைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு முழுசாகப் பார்த்தாள். அப்புறம், “மொத எடுத்ததுல நல்லா சிரிச்சியேய்யா, இதுல ஏன் அப்படிச் சிரிக்கல?” என்று கேட்டாள்.

“அப்ப நெஜமாவே சிரிப்பு வந்துச்சு அம்மாச்சி. இப்ப, அவன் சிரிச்சிட்டானேன்னு சிரிச்சேன்.”

அம்மா அவன் கையில் ஒரு கிண்ணம் சுண்டலைக் கொடுத்துவிட்டு, முதலில் எடுத்ததை இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டேன்.