அம்மாவின் காலியம் ஸ்கேன்
விடியற்காலையிலேயே டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து கிளம்பிவிட்டோம். அம்மாவுக்குக் குடலில் நியூரோஎண்டோகிரைன் கட்டி, ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் அபூர்வ வகைப் புற்று. முதலில், கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் செலுத்தி, அது எங்கே சேர்கிறது என்று படமெடுக்கும் பெட் ஸ்கேனில் ஒன்றும் பிடிபடவில்லை. மெதுவாக வளரும் இந்தக் கட்டி பல சமயம் சர்க்கரையை அதிகம் இழுக்காதாம். அப்புறம்தான் சர்க்கரைக்குப் பதில் காலியம்-68 டோட்டாடேட் என்ற கதிரியக்க மருந்தைச் செலுத்தி இன்னொரு ஸ்கேன். கட்டிச் செல்களின் மேலுள்ள, சொமட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்ளும் மருந்து. காலியத்தின் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் நேரம், 68 நிமிடம்தான். வாங்கி வைக்க முடியாது. சிதைந்து காலியமாக மாறும் ஜெர்மானியத்தை அடைத்த ‘ஜெனரேட்டர்’ என்ற கருவியிலிருந்து அவ்வப்போது கறக்க வேண்டும். “மாடு மாதிரியா?” என்றாள் அம்மா. அந்த ஜெனரேட்டரை நம் கேப் டவுன் இதெம்பா லேப்ஸ் ஆய்வுக்கூடத்திலேயே செய்கிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

படத்தில் மண்ணீரலும் சிறுநீரகங்களும் பளிச்சென்று எரிந்தன. பயந்துவிட்டேன். அது இயல்பாம். கல்லீரலில் இருந்த மூன்று புள்ளிகள்தான் இயல்பில்லை.

“சரி, எங்கே இருக்குன்னாவது தெரிஞ்சுதே,” என்று அம்மா புளிச்சோற்று டப்பாவைத் திறந்தாள்.