தெருமுனைப் பூவரசில் ஓர் அஞ்சறைப் பெட்டி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்து ஓய்ந்தபோது, தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனைப் பூவரசு வேரோடு சாய்ந்து கிடந்தது. அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதி வளர்ந்தவர்கள் நாங்கள். வழியை அடைத்த மரத்தை மாநகராட்சி ஊழியர்கள் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். அடிமரத்தில் மூன்றடித் துண்டு ஒன்றைக் கேட்டேன். “விறகுக்கா?” என்றார் ஒருவர். பெட்டி செய்ய என்றதும் அவரே ஒரு கை பிடித்து வாசல்வரை உருட்டி வந்தார்.

அறுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. தெருமரம் என்றால் உள்ளே ஆணி இருக்கும், வாளின் பல் போய்விடும் என்று இரண்டு மில்களில் மறுத்துவிட்டார்கள். வியாசர்பாடியில் மூன்றாவது மில்காரர் பட்டையை உரித்து, சுற்றிலும் தடவிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஓர் அங்குலப் பலகைகளாக விழுந்தது. ஓரத்தில் வெளிறிய மரம், நடுவில் கருப்பட்டி நிறத்தில் வைரம் பாய்ந்த மரம். இத்தனை வருடம் மஞ்சள் பூவை மட்டுமே பார்த்திருந்த மரத்துக்குள் இப்படி ஒரு நிறமா என்று நின்றுவிட்டேன்.

ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு காய வேண்டும் என்பது மரவேலைக்காரர்களின் கணக்கு. முனைகள் வழியாக ஈரம் சீக்கிரம் வெளியேறி அங்கே வெடிப்பு விழும் என்பதால், இரு முனைகளிலும் பழைய பெயிண்டைக் கனமாகப் பூசினேன். காற்றோட்டத்துக்கு நடுவே சட்டங்கள் கொடுத்து மாடிப்படிக்கு அடியில் அடுக்கினேன்.

2025 பிப்ரவரியில்தான் இழைப்புளியை எடுத்தேன். முதல் நாள் மரம் பிய்ந்து பிய்ந்து வந்தது. காசிமேட்டில் மரப்படகு கட்டிய பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். பலகையின் பக்கவாட்டை விரலால் தொட்டுக் காட்டினார்: “தம்பி, மீனைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். வாலிலிருந்து தடவினால் செதில் பெயரும். மரத்துக்கும் அதே கதைதான். நார் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பார்த்துவிட்டுப் போடு.”

பலகையைத் திருப்பி வைத்து, இழைப்புளியின் அலகை மறுபடி கல்லில் தீட்டி, ஒரே தள்ளாகத் தள்ளினேன். வெங்காயச் சருகு போல, வெளிச்சம் ஊடுருவும் சுருள் ஒன்று அறுபடாமல் எழுந்து கையில் விழுந்தது. அன்று பெட்டி வேலை எதுவும் நடக்கவில்லை. அந்தச் சீறும் சத்தத்துக்காகவே இருட்டும்வரை இழைத்துக்கொண்டிருந்தேன். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் ரேகைகள் கிளம்பி வரும். செம்பழுப்பில் கறுத்த கோடுகள், கணுவைச் சுற்றி வளைந்து மறுபடி ஒன்று சேரும்.

மில்காரர் பயந்த ஆணி உண்மையிலேயே இருந்தது! ஒரு பலகையின் நடுவில், எப்போதோ யாரோ விளம்பரத் தட்டி மாட்ட அடித்தது. வாள் அதை மயிரிழையில் தப்பியிருக்கிறது. சுற்றிலும் மை கொட்டியது போல மரம் கறுத்திருந்தது. மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் இப்படிக் கறுக்கும். ஆணியைப் பிடுங்கிவிட்டு, அந்தப் பலகையையே மூடிக்கு வைத்துக்கொண்டேன். எங்கள் தெருவின் அடையாளம் அதில் இருக்கிறது.

நீளமாக ஓர் அறை, சின்னதாக நான்கு. தடுப்புகளைச் செருகக் காடி என்னும் நீளப் பள்ளம் எடுக்க ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. பூவரசில் சாமான் வைத்தால் மர வாடை ஏறாது. ஹவாய்த் தீவுகளில் இதை மிலோ என்கிறார்கள். அங்கே உணவுக் கிண்ணங்களே இதில் கடைந்திருக்கிறார்கள். உள்ளே எதுவும் பூசவில்லை. வெளியே மட்டும் ஆளிவிதை எண்ணெய், மெல்லியதாக மூன்று முறை. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. தானே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவைத்த பிறகுதான் குப்பையில் போட்டேன்.

நவம்பர் மழையில் மூடி இறுகிக்கொண்டது. அம்மா அரைமணி நேரம் இழுத்தும் வரவில்லை. உள்ளே கடுகு மாட்டிக்கொண்டது. தவறு என்னுடையது. தள்ளித் திறக்கும் மூடியைக் காடிக்குள் கனக்கச்சிதமாகப் பொருத்தியிருந்தேன். ஈரம் குடித்தால் மரம் அதன் வளர்ச்சி வளையத்தின் போக்கில் அதிகம் விரியும். நடுமரத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏறக்குறைய அதில் பாதி. நீளவாக்கில் மிகச் சொற்பம். என் மூடியின் அகலம் முழுவதும் வளையத்தின் போக்கிலேயே இருந்தது. கடற்கரை ஊரில் உளி துருப்பிடிப்பதை நினைத்து எண்ணெய் தடவி வைத்தவன், மரத்துக்கு இடம் விட மறந்துவிட்டேன். மழை விட்டு வெயில் வந்த நாலாம் நாள் மூடி தானாக நகர்ந்தது. ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் இழைத்து எடுத்தேன்.

இப்போது அம்மா ஒரு விரலால் தள்ளுகிறார். கறுத்த அந்த வட்டத்தில் விரல் வைத்துத்தான் தள்ளுகிறார். அங்கே மரம் ஏற்கெனவே பளபளக்கத் தொடங்கியிருக்கிறது. படிக்கு அடியில் இன்னும் இரண்டு பலகைகள் இருக்கின்றன. பெரியவர் உட்கார ஒரு மணை கேட்டிருக்கிறார்.