ரோமன் எழுத்தில் தமிழ்: குறியுள்ள எழுத்துகளுக்குச் சொந்தமாக ஒரு கீபோர்டு லேஅவுட்

தமிழ்ச் சொற்களை ஐஎஸ்ஓ 15919 முறைப்படி (இந்திய எழுத்துகளை ரோமனில் எழுதுவதற்கான பன்னாட்டுத் தரம்) ரோமன் எழுத்தில் எழுத, ஆங்கிலக் கீபோர்டில் இல்லாத 14 எழுத்துகள் வேண்டும். ஐந்து நெடில்களுக்கு மேல்கோடு. ட, ண, ள மூன்றுக்கும் கீழ்ப்புள்ளி. ழ, ற, ன, ஃ நான்குக்கும் கீழ்க்கோடு. மிச்சம் ங, ஞ. ஒவ்வொரு முறையும் எங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரு பக்கம் தட்டுவதற்குள் கை சலித்துவிடும்.

விண்டோஸில் பலரும் முதலில் எடுப்பது யூஎஸ் இன்டர்நேஷனல் லேஅவுட். இந்த வேலைக்கு அது ஒத்துவராது. மேல்கோடும் கீழ்ப்புள்ளியும் அதில் கிடையாது. அதோடு, மேற்கோள் விசையே டெட் கீ (தட்டியதும் எதையும் காட்டாமல், அடுத்து வரும் எழுத்தோடு சேரும் விசை) ஆகிவிடுவதால் மேற்கோளுக்குப் பின் உயிரெழுத்து வந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். தவிர்க்க ஒவ்வொரு தடவையும் ஸ்பேஸ் தட்ட வேண்டும். டெட் கீ எதுவானாலும் அதை வலது ஆல்ட்டோடு சேர்த்தே வைக்க வேண்டும் என்பதே என் முடிவு. சாதாரண விசைகளில் கை வைக்கக் கூடாது.

அதிகம் வருபவை நெடில்கள். அவற்றை நேராக வைத்தேன்: வலது ஆல்ட்டோடு ஏ தட்டினால் ஆகாரம். ஐ, யூ, ஈ, ஓ விசைகளும் அப்படியே. ங-வுக்கு ஜி, ஞ-வுக்கு என். மற்றவற்றுக்கு இரண்டே டெட் கீகள்: வலது ஆல்ட்டும் ஹைஃபனும் கீழ்க்கோடு, வலது ஆல்ட்டும் முற்றுப்புள்ளியும் கீழ்ப்புள்ளி. ‘தமிழ்’ என்று அடிக்க டி, ஏ, எம், ஐ தட்டி, வலது ஆல்ட்டோடு ஹைஃபனை அழுத்தி, இரண்டையும் விட்டபின் எல். குறி முதலில், எழுத்து பிறகு. இந்த வரிசைதான் தொடக்கத்தில் தடுமாற வைக்கும்.

உருவாக்க மைக்ரோசாஃப்ட் கீபோர்டு லேஅவுட் கிரியேட்டர் 1.4 போதும். ஃபைல் மெனு வழியே, ஏற்கெனவே உள்ள யூஎஸ் லேஅவுட்டைத் திறந்து, இடப்பக்கம் கன்ட்ரோல்-ஆல்ட் பெட்டியைத் தேர்ந்தால் வலது ஆல்ட் அடுக்கு காலியாகத் தெரியும். நெடில்களை அங்கே நிரப்பி, பெரிய எழுத்துகளுக்கு ஷிஃப்ட்டையும் சேர்த்துத் தேர்ந்து இன்னொரு முறை நிரப்ப வேண்டும். டெட் கீ ஆக்க வேண்டிய விசைக்கு அந்த நிலையை டெட் கீ என்று குறித்து, எந்த எழுத்து வந்தால் எது விழவேண்டும் என்ற அட்டவணையைத் தர வேண்டும். கீழ்க்கோட்டுக்கு நான்கு எழுத்துகள், சிறிதும் பெரிதுமாக எட்டு வரிகள். ஸ்பேஸுக்கும் ஒரு வரி. லேஅவுட் பெயர் எட்டு எழுத்துக்குள் அடங்க வேண்டும். மொழியாக ஆங்கிலத்தையே வையுங்கள்.

டெட் கீ ஒரே ஒரு யூனிகோடு எழுத்தைத்தான் தரும். மேலே சொன்ன 14-க்கும் தனிக் குறியீடு இருப்பதால் சிக்கலில்லை. வடமொழி ‘ரு’வுக்கான, அடியில் வட்டமிட்ட ஆர் எழுத்துக்குத் தனிக் குறியீடு இல்லை, ஆர் எழுத்தையும் 0325 என்ற யூனிகோடு எண்ணுள்ள ஒட்டுக்குறியையும் அடுத்தடுத்து இட வேண்டும். அதை டெட் கீயில் வைக்க முடியாது, வலது ஆல்ட்டும் ஆரும் என நேர் விசையில் வைக்கலாம்.

தனிக் குறியீடு உள்ள எழுத்துக்கு அதையே வைப்பது முக்கியம். எல் எழுத்தோடு 0331 என்ற கீழ்க்கோட்டு ஒட்டுக்குறியைச் சேர்த்தாலும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் சில மென்பொருள்களில் தேடினால் சிக்காது, அகரவரிசையும் குலையும். 0331-க்குப் பதில் 0332 விழுந்துவிட்டால் இன்னும் தலைவலி. அது வேறு குறி. மென்பொருள் இரண்டையும் ஒன்றாகக் கருதாது.

திருத்திய லேஅவுட்டை நிறுவும்முன் பழையதை நீக்கிவிட்டு, பிறகு ஒருமுறை சைன்அவுட் செய்யுங்கள். இல்லையென்றால் திறந்திருக்கும் செயலிகள் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். விண்டோஸுக்கு வலது ஆல்ட் என்பது கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்ததுதான். ஏதாவது செயலி அதே கூட்டைக் குறுக்குவழியாக எடுத்துக்கொண்டிருந்தால் ஈகாரத்துக்குப் பதில் ஒரு சன்னல் திறக்கும். அந்தக் குறுக்குவழியைச் செயலியின் அமைப்பில் மாற்றுவதே வழி.

வலக்கைக் கட்டைவிரல் ஆல்ட்டில் இருக்க, ஐ, யூ, ஓ மூன்றையும் அதே கை தட்ட வேண்டியிருக்கிறது, மணிக்கட்டு வளையும். விசைகளை மாற்றியமைக்கும் ஷார்ப்கீஸ் என்ற கருவி கொண்டு கேப்ஸ் லாக்கை வலது ஆல்ட் ஆக்கினால் இந்தச் சிரமம் போய்விடும். மாற்றம் தெரிய கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

லினக்ஸில் கம்போஸ் கீ இருக்கிறது: அதை அழுத்தியபின் அடுத்தடுத்துத் தட்டும் விசைகள் சேர்ந்து ஒரே எழுத்தாகும். வீட்டு அடைவில், புள்ளியில் தொடங்கும் எக்ஸ்கம்போஸ் கோப்பில் நம் கூட்டுகளை எழுதலாம். அதன் முதல் வரி இன்க்ளூட் என்ற சொல்லும், மேற்கோளுக்குள் விழுக்காட்டுக் குறியும் பெரிய எல்லும். அதை விட்டால் ஏற்கெனவே உள்ள கூட்டுகள் அத்தனையும் போய்விடும். மேக்கில் ஏபிசி எக்ஸ்டெண்டட் லேஅவுட்டைச் சேர்த்தாலே ஆப்ஷனும் ஏவும் மேல்கோடு, ஆப்ஷனும் எக்ஸும் கீழ்ப்புள்ளி. விசைகளை இடம் மாற்ற வேண்டுமானால் மட்டும் யூகலேலே என்ற லேஅவுட் உருவாக்கும் செயலியின் பக்கம் போனால் போதும்.