கட்சி கட்டாமல் வாங்கிய தண்ணி மெஷின்

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறவர்கள் ஊர் அரசியலில் பக்கம் சேரலாமா என்று கேட்டால், "கூடவே கூடாதுங்க" என்று சொல்லிவிடுவது சுலபம். திருப்பூர் மாவட்டத்தில் எங்கள் ஊத்துக்குளிப் பக்கத்தில் அது அவ்வளவு லேசில் நடக்கிற காரியம் இல்லை. மறுபடியும் நிற்க ஆசைப்படுகிற பழைய ஊராட்சித் தலைவர் எனக்குச் சித்தப்பா முறை. அவரை எதிர்த்து நிற்கத் தயாராகிறவர் என் வீட்டுக்காரருக்கு மாமன் முறை. கல்யாணப் பந்தியில் யார் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன் என்பதற்கே கணக்கு வைத்திருக்கிற ஊர் இது.

போதாக்குறைக்குச் சட்டமே அரசியலை உள்ளே உட்கார வைத்திருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். மீதி இடத்தில் ஆசிரியர்களோடு உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் வருவார்கள். 2024 ஆகஸ்டில் மறுகட்டமைப்பு செய்தபோது குழுவை 24 பேராக்கி, முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். அப்போதுதான் நானும் உறுப்பினர் ஆனேன். பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, இது வேறு. கழகம் பழைய அமைப்பு. அதன் தலைவர் பதவி பெரும்பாலும் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரிடம்தான் இருக்கும். இரண்டும் ஒன்று என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதனாலேயே பாதிக் குழப்பம்.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ஊராட்சிப் பதவிக் காலம் முடிந்து, ஊராட்சியை நடத்த அரசு நியமித்த தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். அடுத்த தேர்தல் எப்போது என்று யாருக்கும் தெரியாத நேரம். அப்போது பார்த்து இரண்டு தரப்புக்கும் பள்ளிக்கூடத்தின் மேல் பாசம் பொங்கிவிட்டது.

முதலில் வந்தது சித்தப்பா தரப்பு. பிள்ளைகளுக்கு உப்புத் தண்ணியைச் சுத்தம் பண்ணுகிற ஆர்.ஓ. மெஷின் வாங்கித் தருகிறோம் என்றார்கள். எங்களுக்கு அது பெரிய விஷயம்தான். போர்த் தண்ணி வாயில் வைக்க முடியாத உப்பு. நொய்யல் ஆத்து ஓரத்துக் கிணறுகள் திருப்பூர்ச் சாயப்பட்டறைத் தண்ணியால் கெட்ட கதை எல்லோருக்கும் தெரியும். 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன அளவுக்கு முற்றிய விவகாரம் அது. குழாயில் வருகிற ஆத்துத் தண்ணி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டு போவார்கள், மத்தியானத்துக்குள் காலியாகிவிடும்.

ஆனால் கூடவே மூன்று நிபந்தனை. மெஷினுக்கு மேலே அவர் போட்டோ போட்ட பிளெக்ஸ். திறப்பு விழா. அதில் குழு அம்மாக்கள் எல்லோரும் ஒரே நிறச் சேலையில் நின்று ஒரு குரூப் போட்டோ. சேலையும் அவர்களே எடுத்துத் தருவார்களாம்! மறுநாளே மாமன் தரப்பிலிருந்து ஆள் வந்தது. "அவிய மெஷினை வாங்குனீங்கன்னா, காம்பவுண்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறதுக்கு நாங்க சொன்னதை மறந்துருங்க அம்மிணி."

எச்.எம். டீச்சருக்கோ தர்மசங்கடம். அவர் அரசு ஊழியர், எந்தப் பக்கமும் பேச முடியாது. "குழு என்ன தீர்மானம் போடுதோ அதுதாங்க" என்று நோட்டை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். அன்றைக்கு அவர் செய்த நல்ல காரியம் அது.

மாதக் கூட்டத்தில் நல்ல சத்தம். யார் கொடுத்தால் என்ன, வாங்கிப் போட்டுவிடலாம் என்று பாதிப் பேர். வாங்கினால் தேர்தல் முடிகிற வரைக்கும் தலை காட்ட முடியாது என்று மீதிப் பேர். எங்கள் குழுவில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு அம்மா இருக்கிறார், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. இங்கே அவருக்கு ஓட்டும் கிடையாது, ஒரம்பரை என்று சொந்தபந்தமும் கிடையாது. அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தவர், "மெஷின் ரிப்பேர் ஆனா யாரு பாக்கும்?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. தண்ணியை வடிகட்டுகிற கேண்டில் மாற்ற வேண்டும், மெம்பரேன் மாற்ற வேண்டும், உப்புத் தண்ணிக்கு அது சீக்கிரமே போய்விடும். போட்டோவில் நிற்கிற ஆள் அதற்கெல்லாம் வருவாரா?

பேச்சு அப்புறம் வேறு பக்கம் திரும்பியது. எங்கள் தலைவி நோட்டை எடுத்து எழுதினார். பள்ளிக்கு யார் வேண்டுமானாலும் பொருள் தரலாம், குழுவின் பெயருக்குக் கடிதம் கொடுத்துத் தர வேண்டும். படம், கட்சி நிறம், விழா எதுவும் கிடையாது. இன்னார் உபயம் என்று உள்ளங்கை அளவு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம். மெஷின் என்றால் ஒரு வருஷப் பராமரிப்பும் சேர்த்துத் தர வேண்டும். உறுப்பினர் யாருக்கு வேண்டுமானாலும் ஓட்டுக் கேட்கலாம், ஆனால் குழு உறுப்பினர் என்று சொல்லிக்கொண்டு கேட்கக் கூடாது. இந்தக் கடைசி வரிக்குத்தான் அதிக நேரம் சண்டை போட்டோம். அது இல்லையென்றால் பாதிப் பேர் கையெழுத்தே போட்டிருக்க மாட்டார்கள். ஊரில் இருந்துகொண்டு ஒருத்தருக்கும் ஓட்டுக் கேட்காதே என்றால் யார் கேட்பார்கள்?

தீர்மானத்தின் நகலை இரண்டு வீட்டுக்கும் நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம். சித்தப்பா வீட்டில் காப்பி கொடுத்தார்கள், முகம் கொடுக்கவில்லை. மாமன் சிரித்துக்கொண்டே வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பெயிண்ட் மட்டும் இன்றுவரை வரவில்லை.

மெஷின் வாங்கித் தந்தது ஒரு முன்னாள் மாணவர், பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து தருகிற ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறார். ஸ்டிக்கர்கூட வேண்டாம் என்றுவிட்டார்.

ஆனால் மெஷினுக்குள் விடவும் தண்ணி வேண்டுமே. பள்ளிக்கு ஆத்துத் தண்ணி தனி லைன் வேண்டும் என்று மே 1 கிராம சபையில் மனு கொடுத்தோம். அதில் மட்டும் நாங்கள் கறாராகப் பக்கம் எடுத்தோம், பள்ளிக்கூடத்தின் பக்கம். மேட்டுத் தெருவுக்குத்தான் முதலில் லைன் போட வேண்டும் என்று எழுந்தவர்களில் இரண்டு தரப்பு ஆட்களும் இருந்தார்கள், அதிசயமாக ஒற்றுமையாக. எங்கள் அம்மாக்கள் விடவில்லை. தனி அலுவலர் முன்னால் தீர்மானம் பதிவாகிற வரைக்கும் ஒருத்தரும் எழுந்து போகவில்லை. லைன் வந்த அன்றைக்கு இரண்டு வாட்ஸ்அப் குரூப்பிலும் "எங்கள் முயற்சியால்" என்று போட்டார்கள். போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

இப்போது பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் பதவிக்கு இரண்டு பேரும் ஆள் சேர்க்கிறார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். கழகத்திலும் அந்தக் கடைசி வரியைத் தீர்மானமாகப் போட்டால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு பக்கமிருந்தும் இன்னும் பதில் வரவில்லை.