புறங்கைச் சூடு

நவம்பர் 18, 2024

விடிகாலை நான்கு மணிக்குத் தாத்தா போய்விட்டார். தூக்கத்திலேயே. 76 வயது. அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல்காட்டில் பருத்திக்கும் மல்லிக்கும் நடுவே பிறந்து, 18 வயதில் கடற்படைக்குப் போனவர். வேறு எதுவும் இன்று எழுத ஓடவில்லை.

நவம்பர் 21

அம்மாச்சிக்குக் குடும்ப ஓய்வூதியம் வாங்குவதற்காக வங்கிக்குப் போனேன். இந்த மாதம் 6-ஆம் தேதிதான் அவரே வந்து உயிர்வாழ் சான்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "இனி அடுத்த நவம்பர் வரை சாகக் கூடாது தாயி, கணக்கு இடிக்கும்" என்று பஸ்ஸில் வரும்போது சிரித்தாராம். அம்மாச்சி சொன்னாள்.

நவம்பர் 24

துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லாரும் 1971 வங்கதேசப் போரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். தகரப் பெட்டியில் இருக்கும், அந்தப் போரின் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பூர்வி ஸ்டார் பதக்கத்தைக் கையில் வாங்கிப் பார்க்கிறார்கள். அந்த டிசம்பரில், தாத்தா இருந்த விமானம்தாங்கிக் கப்பலான விக்ராந்தின் தளத்திலிருந்து கிளம்பிய சீ ஹாக் போர் விமானங்கள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. "எல்லாம் கண்ணால் பார்த்தவர்" என்றார் ஒரு பெரியவர்.

அவர் ஒன்றையும் பார்க்கவில்லை. அவர் ஸ்டோக்கர். கப்பலின் அடிவயிற்றில், கொதிகலன் அறையில் வேலை. நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். அதனால் முழு வேகம் கிடையாது. விமானத்தைத் தளத்திலிருந்து விசிறியடிக்கிற பொறிக்கும் இதே நீராவிதான் போக வேண்டும். "நீராவி அழுத்தம் காட்டும் முள் சட்டென்று இறங்கினால் மேலே ஒன்று கிளம்பிவிட்டது என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த சண்டை அவ்வளவுதான்" என்பார். கேட்டவர்களுக்குச் சப்பென்று போய்விடும்.

நவம்பர் 29

சூடாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் உள்ளங்கையால் தொடக் கூடாது. உள்ளங்கை வெந்துவிட்டால் அப்புறம் எதையும் பிடிக்க முடியாது. புறங்கை என்றால் வேலை நிற்காது. கொதிகலன் அறையில் படித்த இந்தப் பாடத்தை அவர் தோசைக்கல், இஸ்திரிப் பெட்டி, காய்ச்சலில் கிடந்த என் நெற்றி என்று எல்லாவற்றுக்கும் வைத்திருந்தார். முடி கருகி வழவழத்துப்போன அந்தப் புறங்கை படாமல் எனக்கு ஒரு டம்ளர் பால் வந்ததில்லை. கல்லூரி விடுமுறைக்கு வந்தபோதும் இதே கதைதான். எரிச்சலாக இருக்கும் எனக்கு.

விக்ராந்தை 2014-இல் உடைத்துவிட்டார்கள். அந்த இரும்பையும் உருக்கிச் சேர்த்துச் செய்த பஜாஜ் வண்டி ஒன்றைப் பிறகு மாமா மகன் வாங்கி வந்தான். தாத்தா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பெட்ரோல் டேங்கில் புறங்கையை வைத்தார். "ஆறிவிட்டது" என்றார். இரவு சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையாம்.

டிசம்பர் 3

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பந்தலில் உட்கார்ந்திருந்தபோது ராமேஸ்வரம் நினைவுக்கு வந்தது. எனக்கு ஆறு வயது; கடல் காட்டுகிறேன் என்று கூட்டிப் போனார். நான் அலையில் ஆடி, சலித்து, பசிக்கிறது என்று அழுகிறவரை அவர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. "பதினைந்து வருஷம் இதற்குள்தான் கிடந்தேன் தாயி. இப்படி நின்று பார்க்க எங்கே விட்டார்கள்?"

டிசம்பர் 4

இன்று கடற்படை நாள். தொலைக்காட்சியில் கப்பல்கள் வரிசையாகப் போயின. அம்மாச்சி அதைப் பார்த்தபடியே என் மகனிடம் பால் டம்ளரை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"தொட்டுப் பார்த்தாயா?" என்று கேட்டான்.