பி, இ, என்... அப்புறம் என்ன எழுத்து?

வட கரோலினாவில் ஒரு வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு டாலருக்கு ஒரு தட்டு வாங்கி வந்தேன். எட்டு அங்குல அகலம், கொஞ்சம் குழிவு, மேலெல்லாம் சுத்தியல் தடம், கருஞ்சாம்பல் நிறம். வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலைதான் படுமுட்டாள்தனம். பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளியும் உப்பும் போட்டு, ஸ்க்ரப்பரால் அழுத்தித் தேய்த்துவிட்டேன். தட்டு பளபளத்தது. அதன் அடியில் இருந்த சின்ன முத்திரை பாதி மழுங்கிப் போனது.

மிச்சமிருந்தது ஆங்கிலத்தில் பி, இ, என் என்று மூன்று எழுத்து. சரி, பென்சில்வேனியா என்று முடிவு கட்டினேன். தேடிப் பார்த்தால் கதை அழகாகப் பொருந்தியது. 1930களில் அந்த மாநிலத்தின் குரோவ் சிட்டியில் வெண்டல் ஆகஸ்ட் பட்டறையும், அங்கே வேலை பார்த்துவிட்டுத் தனியாகப் பிரிந்த ஆர்தர் ஆர்மரும் கையால் தட்டிய அலுமினியத் தட்டுகளைச் செய்திருக்கிறார்கள். பழம்பொருள் கடைக்காரர் ஒருவரிடம் காட்டினேன். அவரும் கையில் வாங்கிப் பார்க்காமலே “அலுமினியம்தான்” என்றார். இரண்டு வாரம் அந்த நம்பிக்கையிலேயே ஓடியது.

அதை உடைத்தது அம்மா. வீடியோ காலில் தட்டைப் பார்த்ததும், “டேய், இது நம்ம ரசச் சொம்பு மாதிரின்னா இருக்கு?” என்றாள். கும்பகோணத்தில் வாங்கிய ஈயச் சொம்பைச் சொல்கிறாள். தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைத்து ஒருமுறை அதை நான் உருக்கியதையும் சேர்த்து நினைவூட்டினாள். (முப்பது வருஷம் ஆகிறது, இன்னும் மன்னிக்கவில்லை.) வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். காய்ந்த சொம்பு தாங்காது.

அப்போதுதான் எடை உறைத்தது. அலுமினியம் என்றால் கையில் இவ்வளவு கனக்காது. உடனே சமையலறையிலேயே ஒரு சோதனை செய்தேன். தராசில் தட்டு 386 கிராம். பிறகு ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கினேன். தட்டை நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுக்க மூழ்கும்படி பிடித்தேன். தராசு 53 கிராம் காட்டியது. தட்டு விலக்கிய தண்ணீரின் எடை அது, அதாவது தட்டின் கன அளவு 53 கன சென்டிமீட்டர். 386-ஐ 53-ஆல் வகுத்தால் அடர்த்தி கிட்டத்தட்ட 7.3. அலுமினியத்துக்கு 2.7, வெள்ளிக்கு 10.5. வெள்ளீயத்தோடு கொஞ்சம் ஆன்டிமனியும் செம்பும் கலந்த பியூட்டருக்குத்தான் 7.3 வரும். காரீயம் நிறையக் கலந்திருந்தால் எண் இன்னும் ஏறியிருக்கும் என்பதில் ஒரு சின்ன நிம்மதி. ஆனாலும் இதில் சாப்பாடு போடும் எண்ணமில்லை.

பியூட்டர் என்று தெரிந்துவிட்டது. கையால் செய்ததா? இங்கேதான் ஏமாற இடம் அதிகம். அந்தக் காலத்துத் தொழிற்சாலைகளும் கடைசல் இயந்திரத்தில் பாத்திரத்தைச் சுழற்றி வடித்துவிட்டு, மேலே சுத்தியல் தடம் போட்டு விற்றன. அதனால் மேல்பக்கத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அடிப்பக்கத்துக்குப் போனேன். சுழற்றி வடித்திருந்தால் பெரும்பாலும் வட்டத்துக்குள் வட்டமாக மெல்லிய கோடுகள் தெரியும். இதில் இல்லை. நடுவில் ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளி மட்டும். தகட்டை வட்டமாக வெட்டுவதற்குக் காம்பஸ் முனை ஊன்றிய இடம் அது. விளிம்பை வெர்னியரால் அளந்தேன்: ஒரு பக்கம் 1.4 மில்லிமீட்டர், எதிர்ப்பக்கம் 1.7. அரம் ஓரிடத்தில் கொஞ்சம் கூடுதலாக ஓடியிருக்கிறது. சுத்தியல் தடங்களும் ஒரு கால்வட்டத்தில் நெருக்கமாக, அடுத்ததில் தளர்வாக. குழித்த மர அச்சில் தகட்டை வைத்து மரச் சுத்தியால் தட்டி இறக்கியவர் அந்த இடத்தில் கை வலித்து மூச்சு விட்டாரோ என்னவோ!

மிச்சம் முத்திரைதான். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசிப் பார்த்தேன், பயனில்லை. அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தட்டோடு தட்டாகச் சாய்த்து அடித்தபோது நிழல் விழுந்தது. ‘என்’ என்ற எழுத்துக்குப் பிறகு ஒரு நிமிர்ந்த கோடு, அதன் காலடியில் வலப்பக்கம் ஒரு சின்னக் கோடு. எல்! பென்சில்வேனியா என்றால் இரண்டு ‘என்’ வரவேண்டுமே. முதல் நாளே இதை யோசித்திருக்கலாம்.

பி, இ, என், எல். பென்லாண்ட். இதே வட கரோலினா மலையில், என் வீட்டிலிருந்து நாலு மணி நேரத்தில் இருக்கிற ஊர். லூசி மார்கன் என்ற ஆசிரியை 1923-இல் அங்கே மலைக்குடும்பத்துப் பெண்கள் வீட்டிலிருந்தே நெய்து விற்க வழிசெய்தார். பிறகு மண்பாண்டமும், 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் பியூட்டரும் சேர்ந்துகொண்டன. 1933 சிகாகோ உலகக் கண்காட்சிவரை பென்லாண்ட் பொருள்கள் போயிருக்கின்றன. மலைப்பகுதிக் கைவினைக்குழுக்கள் ஒன்றுசேர்ந்து ஒரு சங்கம் அமைக்கலாம் என்று 1928 டிசம்பரில் பேசியதும் பென்லாண்டின் நெசவுக் குடிலில்தான். 1930-இல் சங்கம் உருவானது.

அங்குள்ள கைவினைப் பள்ளி இன்றும் நடக்கிறது, ஆவணக்காப்பகமும் உண்டு. டார்ச் வெளிச்சத்தில் எடுத்த படங்கள், எடை, அளவு எல்லாம் சேர்த்து எழுதினேன். தங்கள் பழைய பியூட்டர் முத்திரையோடு ஒத்துப்போகிறது என்று பதில் வந்தது. யார் கை என்று சொல்ல வழியில்லையாம். ஒரே அச்சில் பல பேர் தட்டியிருப்பார்கள், முத்திரை ஊருக்குத்தான்.

இனிமேல் மெருகேற்ற வேண்டாம், மென்மையான துணியால் துடைத்தால் போதும் என்றும் எழுதியிருந்தார்கள். புளி விஷயத்தை நான் அவர்களிடம் சொல்லவில்லை.