வடை எண்ணெயும் 17 கார்பனும்

இறுதியாண்டு ஆய்வுக்குப் பொரித்த எண்ணெய் தேவைப்பட்டது. பட்டர்வொர்த்தில் பெரியம்மாவின் வடைக் கடையிலிருந்து ஒரு பாட்டில் செம்பனை எண்ணெயை வாங்கிக்கொண்டு ஃபெர்ரியில் பினாங்குத் தீவுக்கு வந்தேன். அதை மெத்தில் எஸ்டராக, அதாவது பயோடீசலாக மாற்றி, எஸ்டர் எத்தனை விழுக்காடு என்று அளக்க வேண்டும். ஐரோப்பியத் தரப்படி 96.5-க்குக் குறையக்கூடாது.

முதல் முறை சோப்புதான் வந்தது. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் தனிக் கொழுப்பு அமிலம் கூடியிருக்கும். காரம் (ஆல்கலி) பட்டால் அது சோப்பாகிவிடும். அமிலம் எவ்வளவு என்று டைட்ரேஷன் செய்து பார்க்காமல் நேரே காரத்தைச் சேர்த்துவிட்டேன். அடுத்த முறை ஈரம் போகச் சூடாக்கி, கந்தக அமிலமும் மெத்தனாலும் சேர்த்து அந்தக் கொழுப்பு அமிலத்தை முதலில் எஸ்டராக்கினேன். பிறகுதான் காரம், 60 டிகிரியில் ஒரு மணி நேரம். கிளிசரின் அடியில் இறங்கி, மேலே தேன் நிறத்தில் எஸ்டர் தெளிந்து நின்றபோது மனசு நிறைந்துவிட்டது.

அளப்பதற்கு மெத்தில் ஹெப்டடெக்கனோயேட் வேண்டும். 17 கார்பன் கொழுப்பு அமிலத்தின் எஸ்டர் அது. செடி எண்ணெய்களில் இரட்டைப்படைக் கார்பன் சங்கிலிகளே அநேகமாக எல்லாம். அதனால், கலவையைப் பிரித்து ஒவ்வொரு பொருளையும் ஒரு மேடாக (பீக்) வரைந்து காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் 16 கார்பன் பால்மிட்டேட்டுக்கும் 18 கார்பன் கூட்டத்துக்கும் நடுவே காலியாகக் கிடக்கும் இடத்தில் இதன் பீக் தனியாக நிற்கும். மாதிரியில் நாம் போட்ட அளவு நமக்குத் தெரியும். அதை வைத்து மற்றதைக் கணக்கிடலாம். ஆனால் நெய்யை அளக்க இந்த 17 ஒத்துவராது. பால் கொழுப்பிலேயே அது கொஞ்சம் இருக்கிறது.

ஏர்கோன் அறையில் இந்த ஹெப்டடெக்கனோயேட் வெள்ளை மெழுகுபோல் இருக்கும். வெளியே பினாங்கு வெயிலுக்கு உருகிவிடும். 500 மில்லிகிராம் எடுத்து 50 மில்லி ஹெப்டேன் என்ற கரைப்பானில் கரைத்தேன். 250 மில்லிகிராம் மாதிரிக்கு அதில் 5 மில்லி.

கிடைத்தது 88 விழுக்காடு. எஸ்டர்தான் சரியில்லை என்று நினைத்து, மெத்தனாலைக் கூட்டி, நேரத்தைக் கூட்டி, இரண்டு வாரம் வினையையே திரும்பத் திரும்பச் செய்தேன். எண் நகரவில்லை. ஒருநாள் ஆய்வுக்கூட அக்கா அந்த 17 கரைசல் இருந்த குடுவையைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, "இது எப்பக் கரைச்சதும்மா? மூடி லூசா இருக்கே" என்றார்.

அப்போதுதான் புரிந்தது. ஹெப்டேன் ஆவியாகி, மிச்சம் இருந்தது கெட்டியாகிவிட்டது. நான் 5 மில்லி எடுக்கும்போதெல்லாம் கணக்கில் எழுதியதைவிட அதிகமான 17 போய் விழுந்திருக்கிறது. அதன் பீக் பெருக்க, எஸ்டர் குறைந்ததாகத் தெரிந்திருக்கிறது. இரண்டு வாரமாக நல்ல எஸ்டரைக் கீழே கொட்டியிருக்கிறேன். அன்று ஃபெர்ரியில் திரும்பும்போது அழுகையே வந்துவிட்டது.

புதிதாகக் கரைத்து மூன்று முறை ஓட்டினேன்: 97.1, 97.4, 97.2. இப்போது மூடியின் மேல் பாராஃபில்ம் என்ற மெழுகுப் படலத்தைச் சுற்றி, தேதியோடு குடுவையின் எடையையும் எழுதி வைக்கிறேன். அடுத்த முறை எடுக்குமுன் எடை போட்டால், ஆவியாகியிருந்தால் தெரிந்துவிடும்.